ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுச் சுரைக்காயும்

மாணவச் செல்வங்களே,

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய காலத்தில் அதை நான் வகுப்பறையில் எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும், ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு நன்றாக விளங்கிற்று. அதை விளக்கியவர் புலவர் அல்லர். கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவர். அவர் என் பழைய மாணவர். அந்த நிகழ்ச்சியைச் சிறிது பொறுத்துச் சொல்கிறேன்.

இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் தற்சார்பு வாழ்க்கை. தனக்கு வேண்டிய உணவு, நீர், விளக்கு, அடுப்புக்கான எரிபொருள் ஆகியவற்றுள் இயன்றவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் வாழ்க்கையைத் தற்சார்பு வாழ்க்கை என்கிறோம். இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆர்வம் இளைஞர்களிடையே இந்நாளில் பெருகி வருகிறது. பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர், 'ஊருக்கு வெளியே சிறிது நிலம் வாங்கி, சூரிய ஒளியில் விளக்கேற்றி, மழை நீரைச் சேர்த்து வாழப் போகிறோம்' என்கின்றனர். இவற்றையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், கைப்பேசியைக் காட்டுகின்றனர். இவ்வழியில் உள்ள நன்மை என்ன, குறை என்ன என்பதே என் பேச்சு.

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்குத் தற்சார்பு புதிய சொல்லாக இருக்கலாம்; பொருள் புதிதன்று. நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் பாட்டனார் விடியற்காலையில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைப்பார். சோளமும் கம்பும் குதிரில் இருக்கும். விதைக்கென ஒதுக்கிய தானியத்தை வேப்பிலையும் சாம்பலும் கலந்து பானையில் இட்டு மூடி வைப்பர். உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் ஆகியவற்றைத் தவிர, கடைக்குச் சென்று வாங்கும் பொருள்கள் மிகக் குறைவு.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ நான் வரவில்லை. பாட்டியார் புகை சூழ்ந்த அடுப்பங்கரையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தார். பொழுது விடியுமுன் திரிகை சுற்றினார். மழை பொய்த்தால் குதிர் வெறுமையாகும். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் மிகக் கொடுமையாகத் துன்புற்ற மாவட்டங்களுள் பழைய சேலம் மாவட்டமும் ஒன்று. தமக்கு வேண்டியவற்றைத் தாமே விளைவித்துக்கொண்ட சிற்றூர்களே அன்று மடிந்தன. ஆதலால், கடையில் வாங்காமல் இருப்பது மட்டும் தற்சார்பு ஆகாது. இடர் வரும்போது மக்கள் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் ஏற்பாடும் அதனுள் அடங்கும்.

இவ்வுண்மையை நம் மண்ணிலேயே செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள புதுப்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமமே அது. சேலத்தில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டியவர். சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். அவர் தொழிலைத் துறந்து, தம் மக்களுடன் அந்தச் சிற்றூரில் எளிய குடிலில் வந்து தங்கினார். சுற்றுப்புறத்தில் மழையின்றி உழவர் குடும்பங்கள் வாடிய காலம் அது. ஆசிரமத்தார் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்தனர். அவர்கள் நூற்றுக் கொணர்ந்த நூலுக்குக் கூலி கொடுத்தனர். அந்த நூலை நெசவாளர்கள் துணியாக்கினர். வயல் கைவிட்ட வேளையில் இராட்டை வீட்டில் உலை ஏற்ற உதவிற்று.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, நூற்ற பெண் தன் நூலைத் தானே உடுத்துக்கொண்டு தனித்து வாழவில்லை. பஞ்சு கொடுப்பவர், நூற்பவர், நெய்பவர், வாங்கி உடுத்துபவர் என்று ஒரு சங்கிலியே அங்கு இருந்தது. இரண்டாவது, அங்கே எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. 840 கஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டங்கள் அடங்குகின்றனவோ, அந்த எண்ணிக்கையே நூலின் எண். இருபது சிட்டங்கள் அடங்கினால் அது இருபதாம் எண் நூல். எண் உயர்ந்தால் நூல் மென்மையானது என்று பொருள். கையால் நூற்ற நூலாயினும், அளவுக்கு நில்லாத நூல் தறியில் அறுந்துவிடும். அன்பும் தொண்டும் நிறைந்த இடத்திலும் தராசு இல்லாமல் வேலை நடைபெறாது.

அந்நாளில் இக்கலைகளைக் கற்க விரும்பியவன் மூட்டை கட்டிக்கொண்டு ஆசிரமத்துக்குச் செல்ல வேண்டும். கிராமத் தொழில்களைக் கற்க வேண்டுமானால், 1934-இல் வார்தாவில் தொடங்கப்பெற்ற அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நாட வேண்டும். அச்சங்கத்தை நடத்தியவர் தஞ்சையிற் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா. சென்றவன் கையில் இராட்டையைக் கொடுப்பர், நூல் அறும், மீண்டும் இழைப்பான், அருகில் இருப்பவர் திருத்துவார். கண்ணும் கையும் ஒருங்கே கற்றன.

இன்று நிலைமை வேறு. ஆசிரமத்தின் கதவு நம் உள்ளங்கையில் திறக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பயிர், மண், நீர், பூச்சி, அறுவடைக்குப் பிந்தைய பணிகள் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளைத் தமிழிலேயே இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது, கட்டணம் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைத்தற்கரிய பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், குறைந்த செலவில் வீடு கட்டும் முறைகளைத் தம் கையால் படம் வரைந்து சிறு நூல்களாக எழுதினார். அவையும் இணையத்தில் கிடைக்கின்றன. செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரப்பினார். அதனால் செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். வெயிலின் வெப்பமும் உள்ளே குறைவாகவே புகும். முன்னாளில் ஒருவர் பல ஊர்கள் அலைந்து தேட வேண்டிய அறிவு, ஒரு மாலைப் பொழுதில் உங்களுக்குக் கிட்டுகிறது. இதைப் பெரும்பேறு என்றே நான் கருதுகிறேன்.

இனி, என் கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற ஆண்டில், என் வீட்டு மழைநீரை நிலத்தில் இறக்க வேண்டும் என்று விரும்பினேன். கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-இலேயே விதி வகுக்கப்பட்டது. என் வீட்டிலும் பெயரளவில் ஒரு குழாய் இருந்தது. அதைச் செம்மை செய்ய எண்ணிக் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்தேன். பேசியவர் நன்றாகவே பேசினார். குழியின் நீளம், அகலம், ஆழம், இட வேண்டிய கல், மணல் ஆகிய அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆள் வைத்து அவ்வாறே குழி வெட்டினேன். ஐந்தடி ஆழத்தில் கடப்பாறை பாறையில் மோதிற்று. 'இவ்வளவு போதும்' என்று கல்லையும் மணலையும் கொட்டி மூடிவிட்டேன்.

ஐப்பசி மழை பெய்தது. குழி நிரம்பிற்று, வடியவில்லை. பத்து நாள், பதினைந்து நாள் நீர் அப்படியே தேங்கிக் கிடந்தது. கொசுப் புழு நெளிந்தது. சமையலறைச் சுவரில் ஈரம் ஏறிற்று. பேரக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, அது அந்தக் கொசுவினால் வந்ததோ வேறு எதனால் வந்ததோ, நான் அறியேன். ஆயினும், என் மனம் என்னையே குற்றவாளி ஆக்கிற்று.

அப்போதுதான் அந்தப் பழைய மாணவர் வந்தார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் தந்தையிடம், 'உங்கள் பையனுக்குப் படிப்பு ஏறாது' என்று சொன்னவனும் நானே. அவர் குழியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "ஐயா, கல்லையும் மணலையும் கொட்டுவதற்கு முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அந்தக் காணொளியை எடுத்தவர் கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான ஊரைச் சேர்ந்தவர். அங்கே ஊற்றிய நீர் கண்ணெதிரே மறையும். நம் சமவெளியிலோ, செம்மண்ணுக்கு அடியில் சில அடிகளிலேயே கடும்பாறை வந்துவிடுகிறது. பாறையில் வெடிப்பு உள்ள இடத்தில்தான் நீர் இறங்கும். அவர் சொன்னது பொய்யன்று. அவர் ஊருக்கு அது மெய். என் ஊருக்கு அது பொருந்துமா என்று சோதிக்காதது என் பிழை.

"நீ இதையெல்லாம் எங்கே கற்றாய், அப்பா?" என்று கேட்டேன். "பாதி கிணற்றுக்குள்ளே கற்றேன், மீதியைக் கைப்பேசியில்தான் பார்த்தேன், ஐயா. ஆனால் பார்த்ததை அளந்து பார்க்காமல் செய்ய மாட்டேன்" என்றார். படிப்பு ஏறாது என்று நான் தள்ளிய பிள்ளை, படிப்பின் இலக்கணத்தையே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். பாறை வரையில் சென்று நின்றது நானே என்பதை அன்று உணர்ந்தேன். அவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார்.

நாங்கள் அந்தக் குழியை மூடினோம். கூரை நீரைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிதொட்டியில் வடித்து, எங்கள் பழைய திறந்த கிணற்றில் விட்டோம். கிணற்றின் பக்கப் பாறையில் வெடிப்புகள் உண்டு என்பதை அவர் அறிவார். கூரையின் தூசியும் பறவை எச்சமும் கிணற்றில் சேராதவாறு, முதல் மழையின் நீரை வெளியே விடுவதற்குத் தனியே ஒரு திறப்பும் வைத்தோம்.

மாணவர்களே, ஏட்டின் மேல் குற்றமில்லை. சுரை விதையை எப்பருவத்தில் ஊன்றலாம் என்று ஏடு சொல்லும். உங்கள் கொல்லையின் மண் எத்தகையது என்று அது சொல்லாது. அதை நீங்கள்தாம் அளக்க வேண்டும். அளப்பதற்குப் பள்ளிக்கணக்கே போதும். மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன், எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது நீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். உங்கள் மொட்டைமாடி 80 சதுர மீட்டர் என்றும், ஒரு மாலையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தது என்றும் கொள்வோம். 80-ஐ 25-ஆல் பெருக்க, 2000 லிட்டர். தெறித்தும் வழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1600 லிட்டர் எஞ்சும். குடம் ஒன்றுக்கு 16 லிட்டர் என்றால் நூறு குடம். ஒரு மாலை மழையில் நூறு குடம் நீர் நம் வாயிற்படியைக் கடந்து சாக்கடைக்குச் செல்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இரண்டாவது விளக்கு. ஒரு வீட்டில் 9 வாட் விளக்குகள் நான்கு, இரவில் ஐந்து மணி நேரம் எரிகின்றன. 180 வாட்-மணி ஆயிற்று. 75 வாட் மின்விசிறிகள் இரண்டு, எட்டு மணி நேரம் சுழல்கின்றன, 1200 ஆயிற்று. ஆக மொத்தம் 1380. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமில மின்கலத்தில் 1800 வாட்-மணி அடங்கும். அதில் பாதிக்கு மேல் நாள்தோறும் எடுத்தால் மின்கலம் விரைவில் கெடும். ஆகவே, உங்களுக்குக் கிடைப்பது 900, தேவையோ 1380. வீடு நள்ளிரவில் இருளும். அதே இடத்தில் 30 வாட் மட்டுமே கொள்ளும் புதுவகை மின்விசிறிகளைப் பொருத்துங்கள். இரண்டுக்கும் சேர்த்து 480, விளக்குகளுக்கு 180, மொத்தம் 660. அதே மின்கலம் போதுமானதாகிவிடும். எனவே, மின்சாரத்தை ஆக்குவதற்கு முன் அதைச் சிக்கனப்படுத்துவதே அறிவுடைமை. மின்கலத்தையும் கம்பிகளையும் இணைக்கும் வேலையை மட்டும், காணொளியைப் பார்த்த துணிவில் நீங்களே செய்ய முற்படாதீர்கள். தேர்ந்த மின்பணியாளர் அருகிருந்து கற்றுக்கொடுக்கட்டும்.

மூன்றாவது அடுப்பு. நாள்தோறும் இரண்டு கன மீட்டர் வாயு தரும் சாண எரிவாயுக் கலம், சிறு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். அவ்வளவு சாணத்துக்கு மூன்று நான்கு மாடுகளாவது தொழுவத்தில் இருக்க வேண்டும். ஒரு மாடு மட்டும் உள்ள வீட்டில் அக்கலத்தைக் கட்டினால், அது பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். கலம் நன்றாக வேலை செய்கிறது என்று காணொளி காட்டும். உன் தொழுவத்தில் எத்தனை மாடு என்று அது கேட்காது. அந்தக் கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கைப்பேசியில் எதைப் பார்த்தாலும் நான்கு வினாக்களை எழுப்புங்கள். இதைச் சொல்பவர் யார்? அவர் இதைச் செய்த ஊரின் மண்ணும் மழையும் எத்தகையன? அளவுகளைச் சொன்னாரா, வெறும் வியப்பை மட்டும் காட்டினாரா? செய்ததில் எது தவறிற்று என்பதையும் சொன்னாரா? நான்காவது வினாவே உரைகல். தவறியதைச் சொல்லாதவர் உங்களுக்குக் கற்பிக்க வரவில்லை. காட்சி காட்ட வந்திருக்கிறார்.

பின்னர், கண்டதை அருகில் உள்ள ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். சேலத்துக்கு அருகே சந்தியூரிலும், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்றது. உழவர்களுக்குச் செய்முறையில் கற்பிப்பதே இவற்றின் பணி. அங்கே செல்லக் கூச்சமாக இருந்தால், உங்கள் தெருவில் உள்ள முதிய உழவரைக் கேளுங்கள். கிணறு வெட்டுபவரைக் கேளுங்கள். அவர்களிடம் கேட்கத் தாழ்ச்சி எண்ணாதீர்கள். எனக்கு அந்தத் தாழ்ச்சி இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

இறுதியாக ஒன்று. மின்கம்பியை அறுத்துக்கொண்டு, ஊரை விட்டு ஒதுங்கி வாழ்வதே தற்சார்பு என்று சிலர் எண்ணுகின்றனர். கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்னும் ஊராட்சி உண்டு. 2006-இல் அந்த ஊராட்சி, தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை வாங்கிற்று. அதன் மின்சாரம் ஊருக்குப் பயன்பட்டது போக, எஞ்சியது மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அவர்கள் கம்பியை அறுக்கவில்லை. அந்தக் கம்பியின் வழியாகவே பெறுபவர்களாக இருந்தவர்கள் தருபவர்களாகவும் ஆயினர். புதுப்பாளையத்தில் நூல் செய்த வேலையை ஓடந்துறையில் மின்கம்பி செய்தது. இரண்டும் மனிதரை மனிதரோடு இணைத்தன.

இந்த வாரம் நீங்கள் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு மாடியின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். கொல்லையில் ஓரடிக் குழி தோண்டி, ஒரு குடம் நீர் ஊற்றி, அது வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பிறகு கைப்பேசியைத் திறவுங்கள். அப்போது, அங்கே சொல்லப்படுவனவற்றுள் எது உங்களுக்கு உரியது, எது பிறர்க்கு உரியது என்று பிரித்தறிய உங்களால் இயலும்.

எங்கள் கிணற்றில் இப்போது மாசி மாதத்திலும் நீர் நிற்கிறது. அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பேரக் குழந்தை ஒரு சுரை விதையை ஊன்றிற்று. விதை ஊன்றும் பருவத்தை ஏட்டில் பார்த்தோம். இடத்தைக் கிணறு வெட்டுபவர் காட்டினார். கொடி பந்தலில் ஏறிக் காய்த்தது. முதற்காயைப் பறித்து அவர் வீட்டுக்கே அனுப்பினோம்.